ஃப்யூஷன் நெருப்பு பத்திக்கிச்சு, அடுப்பு எப்ப வரும்?

சேலத்து_இயற்பியல்:
எல்லாருக்கும் வணக்கம். பிளஸ் டூக்கு பிசிக்ஸ் எடுக்கறேன். நேத்து அணுக்கரு இணைவு முடிக்கற நேரத்துல பின் பெஞ்ச் பொண்ணு ஒருத்தி எழுந்து, "மிஸ், அமெரிக்காவுல 2022-லயே உள்ள போட்டதை விட அதிக எனர்ஜி வெளிய வந்துடுச்சுன்னு யூடியூப்ல பாத்தேன், அப்புறம் ஏன் மிஸ் இன்னும் ஒரு பவர் ஹவுஸ் கூட கட்டல?"ன்னு கேட்டா. டெம்பரேச்சர் ரொம்ப ஜாஸ்தி, காந்தப்புலத்துல அடைச்சு வைக்கணும், அது கஷ்டம்னு சொன்னேன். "அதான் வந்துடுச்சே மிஸ், அப்ப டெம்பரேச்சர் பிரச்சனை தீந்துடுச்சுல்ல?"ன்னு திருப்பிக் கேட்டுட்டா. கேள்வி நியாயமானது, என்கிட்ட பதில் இல்ல. திங்கக்கிழமை சொல்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். உண்மையில எங்க மாட்டிட்டு நிக்குது? தெரிஞ்சவங்க சொல்லுங்க, சும்மா மேலோட்டமா சொன்னா அவ விடமாட்டா.

விண்மீன்_ரசிகன்:
டீச்சர் அது லிவர்மோர்ல இருக்கற நேஷனல் இக்னிஷன் ஃபெசிலிட்டி, 2022 டிசம்பர் 5. 192 லேசரை ஒரே நேரத்துல ஒரு சின்ன எரிபொருள் குண்டு மேல அடிச்சாங்க, 2.05 மெகாஜூல் போச்சு, 3.15 மெகாஜூல் வந்துச்சு. அதோட நிக்கல, 2025-ல 8.6 மெகாஜூல் வரைக்கும் போயிட்டாங்க. பிசிக்ஸ் முடிஞ்சது, இனிமே காசு போட்டா வேலை நடக்கும், கவர்மென்ட்டுங்க மெத்தனமா இருக்கறதுதான் காரணம்னு நான் நினைக்கறேன்.

கனநீர்_பெரியவர்:
தம்பி, நீங்க சொன்ன நம்பர் எல்லாம் சரி. ஆனா அதை நம்ம வீட்டு மீட்டர் கணக்குல ஒரு தடவை போட்டுப் பாருங்க. ஒரு யூனிட்னா 3.6 மெகாஜூல். அந்த 2.05 மெகாஜூல்ங்கறது லேசர் வெளிச்சமா குண்டு மேல விழுந்தது, அரை யூனிட்டுக்கு கொஞ்சம் மேல. வந்தது முக்கால் யூனிட்டுக்கு கொஞ்சம் மேல. ஆனா அந்த லேசரை உருவாக்க சுவத்து பிளக்குல இருந்து இழுத்த கரண்ட்டு சுமார் 300 மெகாஜூல், அதாவது 83 யூனிட்டு. 83 யூனிட் செலவு பண்ணி ஒரு யூனிட் கூட தேறல, அதுவும் கரண்ட்டா இல்ல, சூடா. இதை நான் குறை சொல்ல எழுதல, அந்த மெஷின் கரண்ட் எடுக்கறதுக்காக கட்டினது இல்ல, லேசரும் பழைய காலத்து டிசைன், ஆனா பவர் ஹவுஸ்னு பேசும்போது இந்தக் கணக்கைத்தான் முதல்ல பாக்கணும்.

இன்னொண்ணு. அந்தக் குண்டு ரெண்டு மில்லிமீட்டர் சைஸ்ல வைரத்துல செஞ்ச ஒரு கூடு, உள்ள ஹைட்ரஜனோட கனமான ரெண்டு வகை, டியூட்டீரியமும் ட்ரிட்டியமும், உறைஞ்சு ஒட்டியிருக்கும், வெளிய தங்கத்துல ஒரு குழாய். ஒண்ணு செய்ய எவ்ளோ நாள் உழைப்பு! இந்த முறையில பவர் ஹவுஸ் ஓட்டணும்னா ஒரு செகண்டுக்கு 10 குண்டாவது சுடணும்னு கணக்கு போடறாங்க. ஒரு நாளைக்கு 8,64,000 குண்டு. இப்போதைக்கு ஒரு நாளைக்கு ஒண்ணு சுடறதே பெரிய விஷயம்.

விண்மீன்_ரசிகன்:
83 யூனிட் சமாச்சாரம் எந்த வீடியோலயும் சொல்லல சார். சரி லேசரை விடுவோம், காந்தத்துல அடைக்கற டோகமாக்?

கனநீர்_பெரியவர்:
அது வேற ஆட்டம். இங்கிலாந்துல கல்ஹம்ங்கற ஊர்ல ஜெட்னு ஒரு மெஷின் 1983-ல இருந்து ஓடுச்சு. 2023 அக்டோபர்ல 5 செகண்டுக்கு 69 மெகாஜூல் எடுத்தாங்க, அதுதான் அந்த மெஷினோட கடைசி பெரிய சாதனை, அந்த டிசம்பர்லயே மூடிட்டாங்க. 69 மெகாஜூல்னா 19 யூனிட். ஒரு நடுத்தர வீட்டுக்கு ரெண்டு மூணு நாளைக்கு வரும். இதுக்கு எரிஞ்ச எரிபொருள் எவ்ளோ தெரியுமா, 0.2 மில்லிகிராம். ஒரு உப்புக்கல்லை விட லேசு. இதனாலதான் இவ்ளோ வருஷமா யாரும் இதை விடல. நானும் விடல, ரிட்டயர் ஆகி ஒம்போது வருஷம் ஆச்சு, இன்னும் காலைல எழுந்ததும் இதைத்தான் தேடிப் படிக்கறேன். ஆனா அங்கயும் பிளாஸ்மாவை, அதாவது எலக்ட்ரான் கழண்டு போன அந்த சூடான வாயுவை, சூடு பண்ண போட்டது வந்ததை விட அதிகம்.

இரவுப்பணி_ராதா:
சந்தேகம் ஒண்ணு. சூரியன் இவ்ளோ வருஷமா தானா எரியுது, அதைக் காப்பியடிக்க ஏன் இவ்ளோ கஷ்டம்? நான் ஆஸ்பத்திரில நைட் ட்யூட்டி, பிசிக்ஸ் எல்லாம் பத்தாவதோட சரி, எளிமையா சொல்லுங்க.

கனநீர்_பெரியவர்:
நல்ல கேள்விம்மா. நாம சூரியனைக் காப்பியடிக்கல, காப்பியடிச்சாலும் பிரயோஜனம் இல்ல. சூரியன் நடுவுலயே ஒரு கன மீட்டருக்கு வர்ற பவர் 300 வாட் கூட இல்ல. பழைய குண்டு பல்பு மூணு எரியற அளவுதான். அவ்ளோ பெருசா இருக்கறதாலதான் மொத்தமா நமக்கு அந்த வெயில். அங்க நடக்கற ரியாக்ஷன் படு மந்தம், ரெண்டு புரோட்டான் சேர கோடிக்கணக்கான வருஷம் காத்திருக்கும். நமக்கு ஒரு கட்டடத்துக்குள்ள நூத்துக்கணக்கான மெகாவாட் வேணும். அதனால வேகமா சேர்ற ஜோடியா டியூட்டீரியம், ட்ரிட்டியம் எடுத்து, சூரியன் நடுவுல இருக்கற 1.5 கோடி டிகிரியைப் போல 10 மடங்கு, 15 கோடி டிகிரிக்குக் கொண்டு போறோம். சூரியனுக்கு தன்னோட எடையே அமுக்கிப் பிடிச்சுக்கும். நமக்கு அந்த எடை கிடையாது, காந்தம்தான்.

பிளாஸ்மா_பையன்:
நான் டோகமாக்ல பிஎச்டி பண்றேன், நடுவுல நுழையறேன், மன்னிக்கணும். ஒரு ஷாட், அதாவது மெஷினை ஒரு தடவை ஓட்டறது, எப்படி இருக்கும்னு சொல்றேன், ராதா அக்காவுக்கும் டீச்சருக்கும் உதவும். கன்ட்ரோல் ரூம்ல கவுன்ட்டவுன் ஓடும், கபாசிட்டர் பேங்க் சார்ஜ் ஆகற ஊ-ங்கற சத்தம் ஏறும், டக்குனு ஒரு சத்தம், ஸ்க்ரீன்ல ரோஸ் கலர்ல ஒரு வளையம் மாதிரி வெளிச்சம், கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும். அந்த ரோஸ் வெளிச்சம் ஓரத்துல இருந்து மட்டும்தான் வரும். நடுவுல இருட்டா இருக்கும், ஏன்னா அங்க சூடு அவ்ளோ அதிகம், எலக்ட்ரான் எல்லாம் கழண்டு போயிடுச்சு, கண்ணுக்குத் தெரியற வெளிச்சமே விடாது. முதல் தடவை பாத்தப்ப இதைப் புரிஞ்சுக்கவே எனக்கு ஒரு வாரம் ஆச்சு, சூடான இடம்தான் இருட்டான இடம்.

கஷ்டம் என்னன்னா பிளாஸ்மா ஒரு இடத்துல சும்மா நிக்காது. சின்னச் சின்ன சுழல் வந்து சூட்டை வெளிய கடத்திட்டே இருக்கும், சில சமயம் மொத்தமா கட்டுப்பாடு போயி சில மில்லிசெகண்ட்ல அத்தனை எனர்ஜியும் சுவர்ல கொட்டும், அதுக்கு டிஸ்ரப்ஷன்னு பேர். குஜராத்ல இருக்கற நம்ம ஆதித்யா டோகமாக் மாதிரி சின்ன மெஷின்ல ஆச்சுன்னா அடுத்த ஷாட்டுக்குப் போயிடலாம். பிரான்ஸ்ல கட்டற ஈட்டர் மெஷின்ல பிளாஸ்மாவுல ஓடப்போற கரண்ட் 1.5 கோடி ஆம்பியர், அங்க ஒரு பெரிய டிஸ்ரப்ஷன் வந்தா உள்சுவரே உருகும், சில எலக்ட்ரான் கூட்டம் ஒளி வேகத்துக்குப் பக்கத்துல போய் ஒரே இடத்துல குத்தும். அதுக்காக உறைய வச்ச ஹைட்ரஜனும் நியானும் கலந்த உருண்டையை உடைச்சுத் தூளா உள்ள சுட்டு, எனர்ஜி ஒரே இடத்துல இறங்காம எல்லாப் பக்கமும் வெளிச்சமா பரவுற மாதிரி பண்ண ஒரு சிஸ்டம் வைக்கறாங்க.

ஆனா டீச்சர், அந்தப் பொண்ணு சொன்னதுல பாதி சரிதான். டெம்பரேச்சர் இப்போ பெரிய தடை இல்ல. நேரமும் கூடிட்டு வருது, 2025 ஜனவரில சீனாவோட ஈஸ்ட் 1066 செகண்ட், அடுத்த மாசமே பிரான்ஸ்ல வெஸ்ட்னு ஒரு மெஷின் 1337 செகண்ட் பிளாஸ்மாவை அணையாம பிடிச்சு வச்சாங்க. ஜெர்மனில வெண்டெல்ஸ்டைன்னு முறுக்கு மாதிரி திருகின காந்தம் வச்ச மெஷின் இருக்கு, அதுல பிளாஸ்மாவுக்குள்ள பெரிய கரண்ட்டே ஓட்ட வேண்டியதில்ல, அதனால இந்த டிஸ்ரப்ஷன் பயம் கிடையாது.

சேலத்து_இயற்பியல்:
இது அருமை தம்பி, நடுவுல இருட்டுங்கறதை கண்டிப்பா சொல்லப் போறேன். அப்ப டெம்பரேச்சர் இல்லன்னா எதுதான் தடை?

கனநீர்_பெரியவர்:
நியூட்ரான். நான் முப்பத்தி நாலு வருஷம் அணு உலைக்குப் பக்கத்துலயே இருந்தவன், என் பார்வைல இதுதான் முதல் பிரச்சனை, ரெண்டாவது ட்ரிட்டியம், மத்தது எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

ஒரு டியூட்டீரியம் ட்ரிட்டியம் சேந்தா 17.6 மெகா எலக்ட்ரான் வோல்ட். இதுல 3.5 ஹீலியத்துக்கு, அது சார்ஜ் உள்ளது, காந்தத்துக்குள்ளயே நின்னு பிளாஸ்மாவை சூடு பண்ணும். மிச்சம் 14.1, அதாவது அஞ்சுல நாலு பங்கு, நியூட்ரான் கொண்டு போயிடும். அதுக்கு சார்ஜ் இல்ல, காந்தம் அதை ஒண்ணும் பண்ண முடியாது, நேரா சுவத்துக்குள்ள போயிடும். நமக்குத் தண்ணி காய வைக்க வேண்டிய சூடும் அதுதான், சுவத்தை அரிக்கறதும் அதுதான். ஒண்ணை வச்சுக்கிட்டு இன்னொண்ணை வேண்டாம்னு சொல்ல முடியாது.

சாதாரண உலைல பிறக்கற நியூட்ரான் சராசரியா 2 மெகா எலக்ட்ரான் வோல்ட். இது ஏழு மடங்கு. ஸ்டீல்ல இருக்கற அணு ஒவ்வொண்ணையும் அது இருக்கற இடத்துல இருந்து பல தடவை தட்டி விட்டுடும். அதைக் கூட தாங்கலாம், ஆனா இவ்ளோ வேகத்துல வந்தா இரும்பு அணுவையே உடைச்சு உள்ளுக்குள்ள ஹீலியம் உண்டாக்கும். ஹீலியம் எதோடயும் சேராது, ஸ்டீல்ல கரையாது, மணி மணியா குமிழி கட்டும், அப்புறம் ஸ்டீல் ஊதும், மொறுமொறுன்னு ஆயிடும். இதுக்குன்னு குரோமியம் போட்டு, சுலபமா கதிரியக்கம் அடங்கற மாதிரி தனி ஸ்டீல் பண்றாங்க. நம்ம ஊர்லயும் ஒண்ணு உருவாக்கினாங்க, கல்பாக்கம் இந்திரா காந்தி ஆராய்ச்சி மையத்துக்கு அதுல பெரிய பங்கு உண்டு. ஸ்டீல் செய்யத் தெரியும், ஆனா அதை வருஷக்கணக்குல 14 மெகா எலக்ட்ரான் வோல்ட்ல வச்சு சோதிக்க இப்போதைக்கு உலகத்துலயே இடம் இல்ல. அதுக்குன்னே ஸ்பெயின்ல கிரனாடா பக்கத்துல ஒரு ஆக்ஸிலரேட்டர் கட்றாங்க. சோதிச்சுப் பாக்காத சுவத்தை நம்பி எவன் பல ஆயிரம் கோடிக்கு பவர் ஹவுஸ் கட்டுவான்?

பொன்மலை_ஃபேப்:
ஐயா சொன்னது நூத்துக்கு நூறு. நான் திருச்சில பிரஷர் வெசல் ஃபேப்ரிகேஷன், இருவது வருஷம் வெல்டிங், இப்போ இன்ஸ்பெக்ஷன் பாக்கறேன். நியூட்ரான் எல்லாம் எனக்குத் தெரியாது, ஆனா இந்த ஈட்டர் ஏன் லேட்டாச்சுன்னு படிச்சப்ப எனக்கு வயித்துல ஒரு மாதிரி ஆயிடுச்சு, ஏன்னா அது எங்க வேலை.

அந்த மெஷின்ல சூடான சுவத்துக்கும் மைனஸ் 269 டிகிரில இருக்கற காந்தத்துக்கும் நடுவுல வெள்ளி முலாம் பூசின ஒரு கவசம் இருக்கு, அது மேல சுத்தி சுத்தி குளிர்ந்த ஹீலியம் ஓட ஸ்டெயின்லெஸ் பைப் வெல்ட் பண்ணியிருக்காங்க, மொத்தம் 23 கிலோமீட்டர். வெள்ளி பூசறதுக்கு முன்னாடி மேல்பரப்பு கிளீன் பண்ணின கெமிக்கல்ல இருந்த குளோரின் அந்த வெல்ட் ஓரத்து இடுக்குல கொஞ்சூண்டு தங்கிடுச்சு. அவ்ளோதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், வெல்டிங் இழுவிசை, குளோரைடு, இந்த மூணும் ஒரு இடத்துல கூடுச்சுன்னா விரிசல் விடும். 2 மில்லிமீட்டருக்கு மேல ஆழத்துக்கு விட்டிருச்சு. வாக்குவம் சேம்பரோட முதல் பாகத்தை அந்தக் கவசத்தோட சேத்து 2022-ல குழிக்குள்ள இறக்கி வச்சிட்டாங்க, அடுத்த வருஷம் அதைத் திரும்ப மேல தூக்கினாங்க. 1000 டன்னுக்கு மேல. கூடவே அந்த சேம்பர் பாகங்களோட ஓரம் டைமென்ஷன் சரியா இல்லாம, வெல்ட் மெட்டல் நிரப்பி மறுபடி மெஷினிங் பண்ண வேண்டியதாச்சு. 440 டன் எடையுள்ள துண்டு, ஒம்போது இருக்கு, ஓரம் மில்லிமீட்டர் கணக்குல பொருந்தணும், இல்லன்னா ரோபோ வெல்டிங் ஓடாது.

எனக்கு இது நடந்திருக்கு. பல வருஷம் முன்னாடி ஒரு கெமிக்கல் கம்பெனிக்கு 304 ஸ்டெயின்லெஸ்ல ஜாக்கெட் போட்ட வெசல் பண்ணிக் கொடுத்தோம். ஹைட்ரோ டெஸ்ட்டுக்கு போர் தண்ணி ஊத்தினோம், வடிச்சோம், ஆனா ஜாக்கெட் அடியில கொஞ்சம் தேங்கினதை யாரும் காய வைக்கல, அன்னிக்கு லாரி காத்துட்டு நின்னுச்சு. எட்டு மாசம் கழிச்சு போன் வந்துச்சு, ஜாக்கெட்ல இருந்து ஆவி கசியுதுன்னு. போய் டிபி டெஸ்ட் போட்டேன். சிவப்பு சாயம் அடிச்சு, பத்து நிமிஷம் விட்டு, துடைச்சு, வெள்ளை டெவலப்பர் தெளிச்சேன். முதல்ல ஒண்ணும் தெரியல. மெல்ல மெல்ல வெல்ட் ஓரமா சிவப்புல ஒரு முடி மாதிரி கோடு எழுந்துச்சு, அதுல இருந்து கிளை, கிளைல இருந்து கிளை, வேர் படர்ற மாதிரி. கையில தடவினா ஒண்ணுமே தட்டுப்படாது, கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கும். இதுல எங்க கை தப்பு எங்களுக்குத் தெரியும், அந்த வெசலைத் திரும்ப எடுத்து வேற செஞ்சு கொடுத்தோம்.

ஒரு ஜாக்கெட் வெசலுக்கே இந்த கதின்னா, அங்க ஆளே உள்ள போக முடியாத மெஷின். ஓட ஆரம்பிச்சா நியூட்ரான்ல உள்ள எல்லாமே கதிரியக்கம் ஆயிடும், அப்புறம் ரிப்பேருக்கு ரோபோ கைதான். எங்க தொழில்ல சொல்றது இதுதான், கசிவைக் கண்டுபிடிக்கறது பாதி வேலை, கிட்ட போக முடியறது மீதி வேலை.

விண்மீன்_ரசிகன்:
அண்ணே இதைப் படிச்சு ரெண்டு நிமிஷம் அப்படியே உக்காந்துட்டேன். நான் காசு போட்டா முடியும்னு மேல எழுதினதை மாத்திக்கறேன். அந்த ஈட்டர் தேதி இப்போ என்ன?

பிளாஸ்மா_பையன்:
2025 கடைசில முதல் பிளாஸ்மான்னு முன்னாடி இருந்துச்சு. 2024-ல அட்டவணையை மாத்தினாங்க, ஆராய்ச்சி 2034-ல தொடங்கும், டியூட்டீரியம் ட்ரிட்டியம் போட்டு நிஜமா எரிக்கறது 2039. உள்சுவரை பெரிலியத்துல இருந்து டங்ஸ்டனுக்கும் மாத்திட்டாங்க. 50 மெகாவாட் சூடு கொடுத்து 500 மெகாவாட் எடுக்கறதுதான் குறி, அதுவும் சூடாத்தான், ஈட்டர் ஒரு யூனிட் கரண்ட் கூட விக்காது.

பொன்மலை_ஃபேப்:
நம்ம பங்கையும் சொல்லணும்ல தம்பி. அந்த மெஷின் முழுசையும் மூடற கிரையோஸ்டாட் நம்ம நாட்டுல செஞ்சது. குஜராத் ஹசீராவுல எல் அண்ட் டி பண்ணாங்க, 3850 டன், கிட்டத்தட்ட 30 மீட்டர் உயரம், 30 மீட்டர் அகலம். 54 துண்டா கப்பல்ல போய் பிரான்ஸ்ல வெல்ட் பண்ணாங்க. அதோட அடிப்பாகம் மட்டும் 1250 டன், 2020 மே மாசம் குழிக்குள்ள இறக்கினாங்க. அந்த வீடியோவை எங்க ஷாப்ல டீ டைம்ல எல்லாரும் சேந்து பாத்தோம், இறக்கி முடிக்கற வரைக்கும் ஒருத்தரும் டீயைத் தொடல.

முப்பந்தல்_காத்தாடி:
எல்லாரும் நல்லாப் பேசுதீய. ஆனா எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. நான் காத்தாடில மெயின்டனன்ஸ், எண்பது மீட்டர் மேல ஏறி கியர்பாக்ஸ் பாக்குதவன். எரியற ஃப்யூஷன் உலை தலைக்கு மேலயே நிக்கி, காத்தும் அது கிளப்பி விடுதது தான். கமுதில பாருங்க, 2016-லயே 648 மெகாவாட் சோலார். கட்ட ஒரு வருஷம் கூட ஆவல. இங்க இருக்கத விட்டுட்டு 2039-க்கு காத்திருக்கணுமா? கடல் காத்திருக்காது, வெயில் காத்திருக்காது. அந்தக் காசுல எத்தன ஊருக்கு பேட்டரி போடலாம்?

பிளாஸ்மா_பையன்:
அண்ணாச்சி, இன்னும் பத்து பதினஞ்சு வருஷத்துக்கு கார்பனைக் குறைக்கற வேலை உங்க காத்தாடியும் சோலாரும் பேட்டரியும்தான் செய்யணும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஃப்யூஷனை நம்பி எதையும் தள்ளிப் போட்டா அது பெரிய தப்பு. ஆனா ரெண்டுல ஒண்ணுன்னு ஏன் வைக்கணும்?

முப்பந்தல்_காத்தாடி:
நீங்க சொல்லுததும் சரிதான். உள்ளதச் சொல்லணும்னா எங்களுக்கும் கஷ்டம் உண்டு. ஆனி ஆடில காத்து பிச்சிக்கிட்டு அடிக்கும், கிரிட்டு எடுக்க முடியலன்னு நிறுத்தச் சொல்லுவாவ, நல்ல காத்துல ரெக்கைய திருப்பி வச்சிட்டு சும்மா நிப்போம். மார்கழில ரெக்கை அசையாது. அப்ப ராத்திரிக்கு வேற ஒண்ணு வேணும்தான். அது ஃப்யூஷனா இருக்கணும்னு எனக்குத் தோணல, இருந்தா சந்தோசம். ஆமா அந்த எரிபொருள் கடல் தண்ணியில இருந்து கெடைக்கும்னு சொல்லுதாவளே, அது நெசமா?

கனநீர்_பெரியவர்:
பாதி நெசம் அண்ணாச்சி. டியூட்டீரியம் கடல்ல ஏராளம், ஒரு கன மீட்டர் தண்ணில 33 கிராம். பிரிக்கறதும் நமக்குப் பழகின வேலை, உங்க பக்கம் தூத்துக்குடியிலயே கன நீர், அதாவது டியூட்டீரியம் உள்ள தண்ணி, எடுக்கற ஆலை இருந்துச்சு. மாட்டறது ட்ரிட்டியம். அது இயற்கைல சுத்தமா இல்லன்னே சொல்லலாம், 12.3 வருஷத்துல பாதி அழிஞ்சிடும், சேத்து வைக்கவும் முடியாது. இப்போ உலகத்துல ராணுவம் தவிர்த்து இருக்கறது பெரும்பாலும் கனடா மாதிரி கன நீர் உலைகள்ல துணைப் பொருளா வந்தது, சில பத்து கிலோ. ஃப்யூஷன்ல 1000 மெகாவாட் சூடு ஒரு வருஷம் முழுக்க எடுக்கணும்னா 55 கிலோ ட்ரிட்டியம் வேணும். அதாவது உலகத்துல இருக்கறது எல்லாம் சேந்தாலும் ஒரே ஒரு பவர் ஹவுஸுக்கு ஒரு வருஷத்துக்குப் பத்தாது.

அதனால எரிக்கற இடத்துலயே உண்டாக்கணும். சுவத்துக்குப் பின்னாடி லித்தியம் வைப்பாங்க, வெளிய வர்ற நியூட்ரான் லித்தியம்-6 மேல பட்டா ட்ரிட்டியம் கிடைக்கும். வீட்டுல உறை ஊத்தற மாதிரிதான். இன்னிக்கு தயிர்ல ஒரு கரண்டி எடுத்து வச்சாத்தான் நாளைக்கு பாலுக்கு உறை, ஒரு நாள் மொத்தத்தையும் சாப்பிட்டுட்டா பக்கத்து வீட்டுக்குப் போகணும். இங்க பக்கத்து வீடே கிடையாது. ஒரு ட்ரிட்டியம் எரிஞ்சா ஒரே ஒரு நியூட்ரான்தான் வருது, அந்த ஒண்ணை வச்சு ஒரு ட்ரிட்டியத்துக்கு மேல உண்டாக்கணும். சில நியூட்ரான் குழாய்ல வீணாகும், சில டைவர்ட்டர்ல, அதாவது எரிஞ்ச ஹீலியம் சாம்பலை வெளிய தள்ற அடிப்பாகத்துல, போகும், உண்டான ட்ரிட்டியம் கொஞ்சம் தானா அழியும், கொஞ்சம் ஸ்டீலுக்குள்ளயே ஊடுருவி ஒளிஞ்சுக்கும். அதை ஈடுகட்ட ஈயமோ பெரிலியமோ வச்சு ஒரு நியூட்ரானை ரெண்டாக்கறாங்க. லித்தியம்-6 வேற இயற்கை லித்தியத்துல 7.5 சதவீதம்தான், பிரிச்சு எடுக்கணும். இந்தச் சுழற்சியை முழுசா, எரிச்சு, உண்டாக்கி, பிரிச்சு, திரும்ப எரிச்சு, இதுவரைக்கும் உலகத்துல யாரும் ஓட்டிக் காட்டல. ஈட்டர்ல சின்ன சின்ன மாதிரித் துண்டு வச்சுத்தான் பாக்கப் போறாங்க, ஈயமும் லித்தியமும் கலந்து நம்ம இந்தியாவும் அப்படி ஒண்ணு டிசைன் பண்ணியிருக்கு.

ட்ரிட்டியத்தோட வேலை செஞ்சவனா ஒண்ணு சொல்றேன். கன நீர் உலைல அது தண்ணியாவே காத்துல கலந்து வரும், தோல் வழியாவே உள்ள போகும். வேலை முடிஞ்சா சிறுநீர் சாம்பிள் கொடுக்கணும், எங்க பேட்ச் எல்லாருக்கும் அது பல் தேய்க்கற மாதிரி பழக்கம். அளவு கூடினா நிறைய தண்ணி குடிக்கச் சொல்வாங்க, பத்து நாள்ல பாதி வெளிய போயிடும். அதனால பயப்பட ஒண்ணும் இல்ல, ஆனா மரியாதை கொடுக்கணும். கிலோ கணக்குல சுத்திச் சுத்தி ஓட்டறதுன்னா எவ்ளோ குழாய், எவ்ளோ வால்வு, எவ்ளோ வெல்டுன்னு பொன்மலை தம்பி கணக்கு போட்டுப் பாக்கட்டும்.

இரவுப்பணி_ராதா:
உறை மோர் சொன்னதும் எனக்கு முழுசா புரிஞ்சிடுச்சு ஐயா, நன்றி. இது ஃபுகுஷிமா மாதிரி வெடிக்குமா?

பிளாஸ்மா_பையன்:
வாய்ப்பில்ல அக்கா. ஈட்டர்ல 840 கன மீட்டர் இடத்துல எந்த நேரமும் இருக்கற எரிபொருள் ஒரு கிராம் கூட தேறாது. கட்டுப்பாடு போச்சுன்னா பிளாஸ்மா அணைஞ்சிடும், தொடர் வினை கிடையாது. இதை எரிய வைக்கறதுதான் கஷ்டம், அணையறது ரொம்ப சுலபம்.

விண்மீன்_ரசிகன்:
பிரைவேட் கம்பெனிங்க சின்ன மெஷின்ல சீக்கிரம் கொண்டு வந்துடுவோம்னு சொல்றாங்களே?

பிளாஸ்மா_பையன்:
அதுல உண்மையான முன்னேற்றம் காந்தத்துல இருக்கு. மாசசூசெட்ஸ்ல காமன்வெல்த் ஃப்யூஷன் கம்பெனி 2021-ல புது வகை சூப்பர் கண்டக்டர் டேப்ல 20 டெஸ்லா வரைக்கும் போனாங்க. காந்தப்புலம் ரெண்டு மடங்கானா அதே இடத்துல கிடைக்கக்கூடிய பவர் 16 மடங்கு வரைக்கும் ஏறும், அதனால மெஷின் சின்னதாகும். எனக்கு இதுல பெரிய நம்பிக்கை இருக்கு, நான் ஆராய்ச்சில சேந்ததுக்கே அந்த செய்தி ஒரு காரணம். ஆனா மெஷின் சின்னதானா அதே சூடு சின்ன சுவத்துல விழும். டோகமாக் அடியில சாம்பல் வெளிய போற இடம் டைவர்ட்டர், ஈட்டர்லயே அங்க ஒரு சதுர மீட்டர்ல 10 மெகாவாட் விழும், 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 10,000 எண்ணத்தை ஒரே மேஜை மேல வச்ச மாதிரி. டங்ஸ்டன் 3422 டிகிரி வரைக்கும் உருகாது, ஆனா அது அரிச்சு பிளாஸ்மாவுல பத்தாயிரத்துல ஒண்ணு ரெண்டு அணு கலந்துட்டாலே சூட்டை வெளிச்சமா வெளிய தள்ளி நெருப்பையே அணைச்சிடும்.

கனநீர்_பெரியவர்:
தேதி விஷயத்துல நான் யாரையும் நம்பறதில்ல. 1955-ல ஜெனிவாவுல நம்ம ஹோமி பாபா, இன்னும் ரெண்டு பத்தாண்டுல இதைக் கட்டுப்படுத்தற வழி கிடைச்சிடும்னு சொன்னார். எவ்ளோ பெரிய அறிவாளி. அவருக்குத் தெரிஞ்ச பிசிக்ஸ்ல அது தப்பான கணிப்பு இல்ல, பிளாஸ்மாவோட முரண்டும் சுவத்தோட பாடும் அப்போ யாருக்கும் தெரியாது. 1968-ல ரஷ்யாக்காரங்க டோகமாக்ல ஒரு கோடி டிகிரின்னு சொன்னப்ப மேற்கு நாட்டுக்காரங்க நம்பல. அடுத்த வருஷம் இங்கிலாந்துல இருந்து ஒரு டீமே லேசரைத் தூக்கிட்டு மாஸ்கோ போய் அளந்துச்சு, பனிப்போர் உச்சத்துல. அளந்து பாத்தா ரஷ்யாக்காரங்க சொன்னது சரி. நான் நம்பறது அந்த மாதிரி அளந்து காட்டறதை மட்டும்தான்.

சேலத்து_இயற்பியல்:
ரெண்டு நாளா எல்லாத்தையும் நோட்டுல எழுதிட்டேன். அவகிட்ட இப்படிச் சொல்லப் போறேன்: நீ சொன்னது சரி, நெருப்பு பத்திக்கிச்சு, ஆனா 83 யூனிட் கணக்கைப் பாரு, அப்புறம் சுவர், அப்புறம் உறை மோர். பொன்மலை அண்ணே, உங்க சிவப்புக் கோடு விஷயத்தையும் சொல்லலாமா?

பொன்மலை_ஃபேப்:
தாராளமா சொல்லுங்க டீச்சர். அந்த ஜாக்கெட்ல இருந்து வெட்டின துண்டு ஒண்ணு என் மேஜை டிராயர்லயே இருக்கு, உள்ளங்கை சைஸ், புதுசா வேலைக்கு வர்ற பசங்களுக்குக் காட்டறதுக்கு வச்சிருக்கேன். ஸ்கூல் அட்ரஸை இன்பாக்ஸ்ல போடுங்க, இன்னிக்கே கூரியர் போட்டா சனிக்கிழமை வந்துடும். சாயமும் டெவலப்பரும் ஸ்ப்ரே கேன், கூரியர்ல எடுக்க மாட்டாங்க, அங்க வெல்டிங் சாமான் கடைல கிடைக்கும், ஜன்னலைத் திறந்து வச்சிட்டு அடிங்க. முதல்ல வெறும் கையால தடவிப் பாக்கச் சொல்லுங்க, ஒண்ணும் இல்ல மிஸ்ஸுன்னு சொல்லட்டும், அப்புறம் சாயம் போடுங்க.

சேலத்து_இயற்பியல்:
அட்ரஸ் போட்டாச்சு அண்ணே. அந்தப் பொண்ணைத்தான் முதல்ல தடவிப் பாக்கச் சொல்லப் போறேன்.